ஹெச்.எம். கேஸ்: வாசனை வருது, ஆனா என்ன வாசனைன்னு தெரியல

ஞாபகம் பத்தின எந்த சைக்காலஜி புக்க தொறந்தாலும் ஹெச்.எம். வந்துடுவாரு. வலிப்புக்கு ஆபரேஷன் பண்ணப்போ மூளைல ஒரு பகுதிய எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் புதுசா நடக்குற எதுவும் அவரு மனசுல நிக்கல, அவ்ளோதான், எல்லாரும் அதோட கதைய முடிச்சிடுவாங்க. அதே மனுசனோட மூக்க உக்காந்து டெஸ்ட் பண்ண ஒரு ஆராய்ச்சி 1983ல வந்துச்சு, அத பேசுறவங்க ரொம்ப கம்மி. எனக்கு கேட்டா வாசனைக்கும் ஞாபகத்துக்கும் மனசுக்கும் என்ன தொடர்புன்னு புரிஞ்சிக்க இத விட நல்ல கேஸ் கிடையாது. "வாசனை நேரா எமோஷன் பகுதிக்கு போயிடுது, அதனாலதான் தாழம்பூ வாசனை வந்ததும் அத்தை கல்யாணம் ஞாபகம் வருது"ன்னு ரீல்ஸ்ல ஒரே வரில சொல்லிட்டு போயிடறாங்க. அது பொய் இல்ல, ஆனா பாதிதான். மீதி பாதி இந்த ஹெச்.எம். கிட்ட இருக்கு.

ஆளு யாரு

முழுப்பேரு ஹென்றி மொலைசன். 2008ல அவரு சாகுற வரைக்கும் அந்த பேர வெளிய விடல, எல்லா பேப்பர்லயும் ஹெச்.எம்.தான். 1926ல அமெரிக்கால கனெக்டிகட் மாநிலத்துல பொறந்தவரு. பத்து வயசு வாக்குல சின்ன சின்ன வலிப்பு ஆரம்பிச்சுது, 15வது பொறந்தநாள் அன்னிக்கு மொத தடவையா பெரிய ஃபிட்ஸ். அதுக்கு முன்னாடி சைக்கிள் மோதி தலைல அடிபட்டிருக்கு, அதனாலயா இல்ல அப்பா பக்கத்து சொந்தத்துல வலிப்பு இருந்ததாலயான்னு ரெண்டு விதமாவும் பேசுவாங்க. ஸ்கூல் முடிச்சாரு, டைப்ரைட்டர் கம்பெனில வேலை பாத்தாரு, ஆனா மாத்திரை மேல மாத்திரை போட்டும் ஃபிட்ஸ் அடங்கல, 27 வயசுல வேலைக்கே போக முடியாத நிலைமை.

1953ல ஹார்ட்ஃபோர்டு ஊர்ல வில்லியம் ஸ்கோவில்னு ஒரு நியூரோசர்ஜன் ஆபரேஷன் பண்ணாரு. வலிப்பு மூளைல எந்த எடத்துல கெளம்புதுன்னு மூளையோட மின்சார அலைய பதிவு பண்ற ஈஈஜில சரியா பிடிபடல, இருந்தும் பண்ணாங்க. இது ஒரு சோதனை முயற்சிதான்னு அவங்களே பின்னாடி எழுதியும் இருக்காங்க. புருவத்துக்கு மேல ரெண்டு ஓட்டை, அது வழியா முன்மூளைய லேசா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள காதுப்பக்கமா இருக்குற டெம்போரல் லோபோட உள்பக்கத்த ரெண்டு சைடும் உறிஞ்சி எடுத்துட்டாங்க. ரெண்டு சைடும்ன்றதுதான் விசயம், ஒரு சைடு மட்டும் போயிருந்தா இன்னொண்ணு ஓரளவு சமாளிச்சிருக்கும்.

என்னென்ன போச்சுன்னா, எமோஷனோட முக்கிய எடமான அமிக்டலா கிட்டத்தட்ட முழுசா, புது ஞாபகம் பதியுறதுக்கு தேவையான ஹிப்போகேம்பஸோட முன்பகுதி, அதுக்குள்ள தகவல் நுழையுற வாசல் மாதிரி இருக்குற என்டோரைனல் கார்டெக்ஸ், அப்புறம் அங்கயே ஒட்டிக்கிட்டிருக்குற அன்கஸ், அதோட சேந்து வாசனை சேதிய வாங்குற பிரிஃபார்ம் கார்டெக்ஸ்ல ஒரு பகுதி. எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்தேன்னு ஸ்கோவில் எழுதினாரு, 1990கள்ல எம்ஆர்ஐ எடுத்து பாத்தப்போ அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம்தான், ஹிப்போகேம்பஸோட பின்பகுதி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. ஆனா மிச்சம் இருந்து என்ன பிரயோஜனம், வாசலையே இடிச்சாச்சே.

ஃபிட்ஸ் நல்லா கொறஞ்சுது. ஞாபகம் போச்சு. இத ஸ்கோவிலும் பிரெண்டா மில்னர்ன்ற சைக்காலஜிஸ்ட்டும் சேந்து 1957ல எழுதின பேப்பர்தான் அவர உலகம் பூரா கொண்டு போச்சு.

அந்த எடத்துக்கும் மூக்குக்கும் பழைய சம்பந்தம்

இத இங்க சொல்லிடணும், இல்லன்னா மூக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு குழப்பமா இருக்கும். ஹிப்போகேம்பஸ் ஞாபகத்துக்கான எடம்ன்றதே ஹென்றிக்கு அப்புறம் வந்த எண்ணம். அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் அந்த ஏரியா மொத்தத்தையும் மூக்கோட மூளைன்னுதான் டாக்டருங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க, மிருகங்கள்ல மோப்ப நரம்பு போய் சேர்ற எடத்துக்கு பக்கத்துலயே இருக்குன்ற ஒரே காரணத்துக்காக. 1937ல ஜேம்ஸ் பேப்பெஸ்னு ஒருத்தர் இது மூக்கு இல்ல, எமோஷனோட சர்க்யூட்டுன்னாரு. 1947ல நார்வேகாரர் ஆல்ஃப் புரோடால், ஹிப்போகேம்பஸ் இல்லன்னா வாசனை தெரியாதுன்றதுக்கு ஆதாரமே இல்லன்னு ஒரு நீளமான கட்டுரை எழுதி அந்த மூக்கு கதைய கிட்டத்தட்ட மூடிட்டாரு. ஆறு வருசம் கழிச்சு ஹென்றி ஆபரேஷன், அதுலேர்ந்து அது ஞாபகத்தோட எடம். ஆக ஒரே எடத்துக்கு மூக்கு, எமோஷன், ஞாபகம்னு மூணு வேலைய வேற வேற காலத்துல எழுதி வெச்சிருக்காங்க, ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் அடிச்சிட்டு. யோசிச்சு பாத்தா மூணு பேரும் ஒரே யானைய தடவிக்கிட்டு இருந்தவங்கதான்.

இதுக்கும் முன்னாடியே லண்டன்ல ஹ்யூலிங்ஸ் ஜாக்சன்னு ஒரு டாக்டர் கவனிச்சு வெச்சிருந்தாரு. சில வலிப்பு நோயாளிங்களுக்கு ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி இல்லாத ஒரு நாத்தம் அடிக்கும், கூடவே ஏதோ கனவு மாதிரி ஒரு நிலை, இது முன்னாடியே நடந்த மாதிரி ஒரு உணர்வு. 1889ல அவர் எழுதின ஒரு கேஸ்ல நோயாளி ஒரு சமையக்கார அம்மா, வலது டெம்போரல் லோப்ல கட்டி, கருகின மாதிரி கெட்ட நாத்தம் வரும். அந்த வகை வலிப்புக்கு அன்கஸோட பேரையே வெச்சாங்க. இல்லாத வாசனையும் பழைய ஞாபகம் மாதிரி ஒரு மயக்கமும் ஒண்ணா கெளம்புற எடம், அதத்தான் ஸ்கோவில் ரெண்டு சைடும் எடுத்தாரு.

மூக்கு டெஸ்ட்

ஹென்றிய வருசக்கணக்கா பாத்துக்கிட்டவங்க சூசன் கார்கின், எம்ஐடில. அவங்களோட சேந்தவர் ஹோவர்டு ஐக்கன்பாம், எலிங்களோட மோப்பத்த வெச்சு ஞாபகத்த ஆராய்ச்சி பண்றவரு. இவங்களும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து பண்ணதுதான் 1983 பேப்பர். அதோட அழகே டெஸ்ட்ட படிப்படியா பிரிச்சதுல இருக்கு, ஏன்னா "வாசனை தெரியுமா"ன்னு நாம கேக்குறது உண்மைல ஒரு கேள்வி இல்ல, நாலஞ்சு கேள்வி.

மொதல்ல, வாசனை இருக்கா இல்லையா. ஒண்ணுல ரொம்ப கம்மியா கலந்த வாசனை, இன்னொண்ணுல ஒண்ணும் இல்ல, எதுல இருக்குன்னு கேட்டா கரெக்டா சொல்லிட்டாரு, மத்தவங்க அளவுக்கு. சரி, ரெண்டுலயும் ஒரே வாசனை, எது தூக்கலா இருக்கு? அதும் சரி. ஒரே வாசனைய தொடர்ந்து மோந்துக்கிட்டே இருந்தா நமக்கு மூக்கு மரத்துப்போகுமே, அது கூட அவருக்கு நார்மலா நடந்துச்சு. இதுவரைக்கும் பாத்தா மூக்குல ஒரு கொறையும் இல்ல.

அடுத்த படில மொத்தமும் சரிஞ்சுது. ரெண்டு வாசனை குடுத்து இது ரெண்டும் ஒண்ணா வேறயான்னு கேட்டா சொல்லத் தெரியல, பூவா தலையா போட்டு சொல்ற மாதிரிதான் விடை. ஒரு வாசனைய காட்டிட்டு இதே வாசனை இதுல எதுல இருக்குன்னு கேட்டா அதும் முடியல. பேரு சொல்லச் சொன்னா சுத்தமா இல்ல. கிராம்ப மோந்துட்டு ஒரு தடவ புதுசா இழைச்ச மரம் மாதிரின்னு சொன்னவரு இன்னொரு தடவ கரையொதுங்கின செத்த மீன்னு சொல்லியிருக்காரு. அது மக்கு பதில் இல்ல பாருங்க, விவரமான பதில், பேச்சு நல்லா வருது, வார்த்தைக்கு பஞ்சமே இல்ல. ஆனா அந்த வார்த்தைக்கும் மூக்குல ஏறுன சமாச்சாரத்துக்கும் ஒட்டே இல்ல.

பேரு மறந்துபோச்சோன்னு நாம நெனைப்போம். இல்ல. அதே பொருள கண்ணால பாத்தா பேரு சொல்றாரு, கைல தடவினா சொல்றாரு. எலுமிச்சம்பழத்த பாத்து எலுமிச்சைன்னு சொல்லிட்டு அதையே மோந்து பாத்துட்டு, இதென்ன வேடிக்கையா இருக்கு, எலுமிச்ச வாசனையே இல்லையேன்னு சொன்னத ஐக்கன்பாம் பின்னாடி எழுதியிருக்காரு. கவனிங்க, எலுமிச்ச வாசனைன்னு ஒண்ணு உண்டு, அது இப்டி இருக்கணும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு, வந்த வாசனை அதோட போய் ஒட்டல.

வாசல்ல பெல் அடிக்குது, யாரோ வந்திருக்காங்கன்னு தெரியுது, மெதுவா அடிச்சாங்களா வேகமா அடிச்சாங்களான்னு கூட தெரியுது, கதவ தொறந்தா நிக்கிற ஆளோட மொகம் மட்டும் தெரியல. அதான் ஹென்றியோட மூக்கு.

இன்னொரு சந்தேகம் வரும், எனக்கும் மொதல்ல வந்துச்சு. அவருக்குத்தான் ஞாபகமே நிக்காதே, மொத வாசனைய ரெண்டாவது வர்றதுக்குள்ள மறந்திருப்பாரு, அதனால ஒண்ணா வேறயான்னு சொல்ல முடியல, இதுல என்ன ஆராய்ச்சி? ஆனா அந்த வாதம் நிக்காது. சில நொடிக்கு மனசுல வெச்சிக்கிற திறமை ஹென்றிக்கு நல்லாவே இருந்துச்சு, நம்பர் வரிசை சொன்னா நம்மள மாதிரியே திருப்பி சொல்வாரு. அத விட முக்கியம், எது தூக்கல்னு சொல்றதுக்கும் மொத வாசனைய மனசுல பிடிச்சு வெச்சாதான் ஆகும், அத அவரு சரியா பண்ணாரே. ஆக மறதி மேல பழி போட முடியாது, வாசனையோட அளவு மூளைக்கு போய் சேருது, அதோட குணம் போய் சேரல.

பசி, வலி, மனசு

1985ல இதே குழு இன்னொண்ணு வெளியிட்டாங்க. ஹென்றி பசிக்குதுன்னு தானா சொல்றதே இல்ல, தாகம்னும் சொல்றதில்ல, அது ஏன்னு பாத்தாங்க. சாப்புடறதுக்கு முன்னாடி எவ்ளோ பசிக்குதுன்னு மார்க் போடச் சொன்னா ஒரு நம்பர், சாப்பிட்டு முடிச்சப்புறமும் கிட்டத்தட்ட அதே நம்பர். ஒரு தடவ முழு டின்னர் சாப்பிட்டு முடிச்ச ஒடனே இன்னொரு முழு தட்டு வெச்சாங்க, அதையும் நிதானமா சாப்பிட்டாரு. சாப்பிட்டத மறந்ததுனால மட்டும் இது நடக்காது, வயிறு நெறைஞ்சத வயிறு சொல்லும்ல. தோல்ல சூடு வெச்சு பாக்குற டெஸ்ட்லயும் மத்தவங்க வலிக்குதுன்னு சொல்ற அளவுக்கு வந்தும் அவரு வலின்னு சொல்லல. உள்ளேர்ந்து வர்ற சேதிய இது இன்னதுன்னு படிக்கிறதுல கொறை, அதுக்கு அமிக்டலா போனது காரணமா இருக்கலாம்னு அவங்க எழுதினாங்க.

அதுக்காக உணர்ச்சியே இல்லாத கட்டைன்னு நெனைச்சிடாதீங்க. சிரிப்பாரு, ஜோக் அடிப்பாரு, எப்பவாவது கோவம் வந்தா பொத்துக்கிட்டு வரும். எமோஷன் இருந்துச்சு, உள்ளேர்ந்து வர்ற சேதிய படிக்கிறதுலதான் கொறை.

இத வெச்சு நம்ம மூக்க பாத்தா

மூக்குக்கு மேல் உள்பக்கமா ஒரு சின்ன தோல் பரப்பு, அதுல மனுசனுக்கு வாசனைய பிடிக்கிற ரிசெப்டர் சுமார் 400 வகை. இந்த ரிசெப்டர் ஜீன்கள 1991ல கண்டுபிடிச்சதுக்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ரெண்டு பேருக்கும் 2004ல நோபல். ஒரு வாசனைக்கு ஒரு ரிசெப்டர்னு கிடையாது, ஒவ்வொரு வாசனையும் பல ரிசெப்டர ஒண்ணா தட்டும், எது எது தட்டுச்சுன்ற கூட்டணிதான் அந்த வாசனையோட அடையாளம். அங்கேர்ந்து நரம்பு மண்டையோட்டுல இருக்குற சல்லடை மாதிரி எலும்பு வழியா ஆல்ஃபாக்டரி பல்புன்ற மூளையோட மொத மோப்ப எடத்துக்கு போகுது, பல்புலேர்ந்து நேரா பிரிஃபார்ம் கார்டெக்ஸ், அமிக்டலாவோட ஒரு பகுதி, என்டோரைனல் கார்டெக்ஸ். கண்ணு காது சேதியெல்லாம் மொதல்ல தலாமஸ்னு மூளைக்குள்ள இருக்குற ஒரு ஜங்ஷன்ல நின்னுட்டுதான் கார்டெக்ஸுக்கு போகணும், வாசனைக்கு அந்த ஸ்டாப் கட்டாயம் இல்ல. ரீல்ஸ்காரங்க சொல்ற "நேரா போகுது" இதுதான், வயரிங் உண்மை.

ஆனா அந்த வயர் போய் சேர்ற எடத்துல என்ன நடக்குதுன்றதுதான் கேள்வி. மல்லிப்பூ வாசனைன்றது மூக்குலயே முழுசா தயாராகி, அப்புறம் ஞாபக அறைக்கு போய் "ஏய் எழுந்திரு"ன்னு தட்டுதுன்னு நாம நெனைக்கிறோம். ஹென்றிய பாத்தா அப்டி தோணல. ஞாபக அறைய எடுத்ததும் மல்லிப்பூவே போயிடுச்சு, "ஏதோ ஒரு வாசனை, லேசா இருக்கு" மட்டும் மிச்சம். அப்போ வாசனைய இன்னதுன்னு அடையாளம் காணுறதே ஒரு ஞாபக வேலை, அந்த 400ல எதெது தட்டுச்சுன்ற கூட்டணிய முன்னாடி சந்திச்சதோட ஒப்பிடுற வேலை. வாசனை ஞாபகத்த கெளப்புதுன்னு சொல்றத விட, ஞாபகம் இருந்தாதான் அது வாசனையாவே ஆகுதுன்னு சொல்றது எனக்கு சரியா படுது.

இப்டி பாத்தா மத்த ஆராய்ச்சியெல்லாம் அழகா வந்து பொருந்துது. 2004ல ரேச்சல் ஹெர்ஸ் குழு அஞ்சு பொண்ணுங்கள எடுத்தாங்க, ஒவ்வொருத்தருக்கும் மனசுக்கு நெருக்கமான ஞாபகம் ஒட்டியிருக்குற ஒரு பெர்ஃப்யூம் உண்டு. ஸ்கேனர்ல படுக்க வெச்சு அந்த பெர்ஃப்யூம மோக்க குடுத்தா அமிக்டலா பக்கம் நல்லா வேலை செய்யுது, அதே பாட்டில படமா காட்டினா அவ்ளோ இல்ல. அஞ்சே பேருன்றதால இத தலைல தூக்கி வெச்சு ஆட வேணாம். 2006ல ஸ்வீடன்ல வில்லாண்டர், லார்சன் வயசானவங்கள வெச்சு பண்ணதுல, வார்த்தையோ படமோ காட்டினா பத்து வயசுலேர்ந்து இருபது வரைக்கும் நடந்தது அதிகமா ஞாபகம் வருது, வாசனை காட்டினா பத்து வயசுக்கு முன்னாடி நடந்தது வருது. ஏன் அவ்ளோ சின்ன வயசு? 2009ல இஸ்ரேல்ல யாரா யெஷுரூன் குழு பண்ண ஆராய்ச்சி ஒரு துப்பு குடுக்குது, ஒரு பொருளோட மொத மொதல்ல சேத்து வெச்ச வாசனைக்கு ஹிப்போகேம்பஸ்ல தனி மரியாதை, ரெண்டாவதா சேத்ததுக்கு அது இல்ல, சத்தத்துக்கும் இப்டி இல்ல. வாசனைங்கள பெரும்பாலும் சின்ன வயசுலதான் மொத மொதல்ல சந்திக்கிறோம், அதனால அப்போ கூட இருந்த ஆளு, எடம், பயம், சந்தோசம் எல்லாம் அதோட சேந்து தைச்சிக்குது. பின்னாடி நூறு தடவ அதே வாசனை வந்தாலும் மொத தையலத்தான் இழுக்குது.

கோவிட்ல வாசனை போச்சே, அது வேற கதை, கலக்கக்கூடாது. அங்க கோளாறு மூக்குக்குள்ளயே, ரிசெப்டர் நரம்ப தாங்கி நிக்கிற செல்லுங்கள வைரஸ் தாக்குது, சேதியே கெளம்பல. ஹென்றிக்கு சேதி கெளம்புது, வருது, படிக்க ஆள் இல்ல.

எங்க இடிக்குது

ஒரே ஒரு நோயாளி, எடுத்தது ஒரு எடம் இல்ல, பக்கத்து பக்கத்துல நாலஞ்சு எடம். அமிக்டலாவா, என்டோரைனலா, பிரிஃபார்மா, எது போனதால வாசனையோட குணம் தெரியாம போச்சுன்னு ஹென்றிய மட்டும் வெச்சு பிரிக்கவே முடியாது. ஹிப்போகேம்பஸ் போனதாலதான்னு யாராவது அடிச்சு சொன்னா நம்பாதீங்க, புரோடால் வாதம் இன்னும் உயிரோடதான் இருக்கு, என் பந்தயம் பிரிஃபார்மும் என்டோரைனலும்தான்.

இன்னொரு சிக்கல் அவரு செத்தப்புறம் வந்துச்சு. மூளைய உறைய வெச்சு 2009ல சான் டியாகோல 2401 துண்டா சீவினாங்க, மொத்தத்தையும் லைவா வீடியோல காட்டினாங்க. ஜாக்கோபோ அன்னீஸ் குழு 2014ல வெளியிட்டதுல, இடது பக்கம் ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ்ல, அதாவது கண்ணுக்கு மேல இருக்குற முன்மூளைப் பகுதில, ஒரு சின்ன காயம் இருந்தது தெரிஞ்சுது, ஆபரேஷன் அப்போ முன்மூளைய தூக்கிப் பிடிச்சதுல பட்டிருக்கணும். இந்த எடமும் வாசனை விசயத்துல பெரிய புள்ளி. மாண்ட்ரியால்ல சாட்டோரும் ஜோன்ஸ்-காட்மனும் 1991ல காட்டினது, டெம்போரல் லோப் ஒரு சைடு எடுத்தவங்களுக்கு அந்த சைடு மூக்குல வாசனைய பிரிச்சு பாக்குறது கொறையும், வலது ஆர்பிட்டோஃப்ரன்டல் போனவங்களுக்கு ரெண்டு மூக்குலயும் கொறையும். ஹென்றிக்கு காயம் இடதுல, சின்னது, அதனால அவரு பிரச்சினை முழுசுக்கும் அது காரணம் ஆகாதுன்னுதான் எனக்கு தோணுது, ஆனா கணக்குல சேக்காம விட முடியாது.

இதனால நமக்கு என்ன

அல்சைமர்ஸ் நோய் மொதல்ல கைவைக்கிற எடங்கள்ல ஒண்ணு அதே என்டோரைனல் கார்டெக்ஸ். அதனால சில நோயாளிங்ககிட்ட ஆரம்ப கட்டத்துல ஹென்றி மாதிரியே ஒரு சாயல் தெரியும், வாசனை வர்றது ஓரளவு இருக்கும், என்ன வாசனைன்னு சொல்றது அடி வாங்கும். இத பாக்க பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 1984ல ரிச்சர்ட் டோட்டி குழு 40 வாசனை வெச்ச ஒரு சொரண்டி மோக்குற டெஸ்ட் கொண்டு வந்தாங்க, இன்னிக்கும் ஓடுது. ஆனா அதுல ரூட் பியர், டில் ஊறுகா எல்லாம் வரும். நம்மூரு பாட்டி ஒருத்தங்களுக்கு அத குடுத்தா தப்பா சொல்லுவாங்க, அவங்க டெம்போரல் லோப் கல்லு மாதிரி நல்லா இருந்தாலும் சொல்லுவாங்க, ஏன்னா அந்த வாசனைய அவங்க சந்திச்சதே இல்ல, ஒப்பிட உள்ள ஒண்ணும் கெடையாது. அவங்களுக்கு பெருங்காயம், கற்பூரம், வேப்பெண்ணெய், வறுத்த காப்பிக்கொட்டைன்னு வெச்சு கேக்கணும். அதனாலதான் அந்த டெஸ்ட்ட நாட்டுக்கு நாடு மாத்தி வெச்சிருக்காங்க.

வீட்ல பெரியவங்க யாராவது வாசனை சரியா தெரியலன்னு சொன்னா ஒடனே அல்சைமர்ஸ்னு பயந்துடாதீங்க, சளி, சைனஸ், வயசு, இதுலதான் முக்கால்வாசி முடியும். ஆனா ஒண்ணு கேட்டு பாருங்க: வாசனையே வரலையா, இல்ல வருது ஆனா என்னதுன்னு பிடிபடலையா? டாக்டர்கிட்ட போறப்போ இது ரெண்டுல எதுன்னு பிரிச்சு சொல்லுங்க, மொத கம்ப்ளெயின்ட்டுக்கு அவரு மூக்குலேர்ந்து ஆரம்பிப்பாரு, ரெண்டாவதுன்னா ஞாபகத்த பத்தியும் நாலு கேள்வி கேப்பாரு.